கல்கரியில் கிடைக்கும் ஒரே நாள்: அப்பாவை வல்கனுக்குக் கூட்டிப்போகலாமா?

டிக்கோயா மகள்

எல்லாருக்கும் வணக்கம். ஜூலையில் அப்பாவோடு கனடா போகிறேன், கல்கரியில் அக்கா குடும்பமாக இருக்கிறார். மூன்று வாரம் நின்றாலும் அக்காவும் அத்தானும் வேலைக்குப் போகிறவர்கள். கோயில், சொந்தக்காரர் வீடுகள், பிள்ளையின் பிறந்தநாள் எல்லாம் போக, காரில் தூரமாகப் போவதற்கு ஒரே ஒரு நாள்தான் தேறும் போல. அக்கா பான்ஃப் மலைக்குப் போவோம் என்கிறார். எனக்கு வல்கன் என்ற சின்ன டவுனுக்கு அப்பாவைக் கூட்டிப்போக ஆசை. அங்கே ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளிக் கதைத் டிவி தொடருக்கென்றே ஒரு காட்சியகம் இருக்கிறதாம்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவர், இப்போது 71 வயது. எங்கள் பக்கம் கரண்ட் வராத காலத்தில் கார் பேட்டரியில்தான் டிவி ஓடும். பேட்டரி இறங்க இறங்கப் படம் நாலு பக்கமும் சுருங்கிக்கொண்டே வரும், கடைசிக் கோடு அணையும்வரை அப்பா எழும்ப மாட்டார். ஸ்டார் ட்ரெக்கை ஹட்டனில் கூட்டாளி வீட்டு டெக்கில் கசெட் போட்டுப் பார்த்துவிட்டு வந்து ராத்திரி எங்களுக்குக் கதையாகச் சொல்வார். அந்தத் தொடரில் வேற்றுக்கிரகத்தவராக வரும் ஸ்பொக்கின் முகத்தை நான் பார்த்தது பிறகுதான், அதற்கு முன்பே அப்பாவின் குரலில் அவரைத் தெரியும்.

அக்காவோ, "வயல் நடுவில் ஒரு பொம்மை விண்கப்பல், அதற்காகவா ஒரு நாளை விடுவது" என்கிறார். போனவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அப்பாவுக்கு முழங்கால் நோவும் இருக்கிறது.

பண்டாரவளையான்

அக்கா, கட்டாயம் கூட்டிப்போங்கள். நான் கல்கரியில் படித்த காலத்தில் இரண்டு தடவை போயிருக்கிறேன்.

தூரம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஹட்டனிலிருந்து கொழும்பு மாதிரி. ஆனால் நமக்கு அரை நாள் போகிற தூரத்தை அங்கே ஒன்றரை மணித்தியாலத்தில் ஓடிவிடலாம், ஏனென்றால் வளைவே இல்லை. நம்மைப் போல மலையில் வளர்ந்தவனுக்கு அந்தச் சமவெளி முதலில் ஒரு மாதிரி இருக்கும், கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஒரு மேடு கிடையாது. ஜூலை என்றால் கனோலா பூத்து மஞ்சளாக விரிந்து கிடக்கும்.

இரண்டாயிரம் பேர்கூட இல்லாத விவசாய ஊர். அந்தப் பெயருக்கும் ஸ்டார் ட்ரெக்குக்கும் ஆரம்பத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லை. 1910 வாக்கில் ரயில் பாதை போட வந்த அளவையாளர் ஒருவர் ரோமானிய நெருப்புக் கடவுளின் பெயரை வைத்துவிட்டுப் போனார். தொடர் வந்ததே 1966இல்தான். ஸ்பொக்கின் கிரகத்துக்கும் அதே பெயர் அமைந்துபோக, ஊர் ஆட்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். 1995இல் ஊர் வாசலில் ஒரு விண்கப்பலைக் கட்டி வைத்தார்கள், அதன் பெயர்ப் பலகையில் ஆங்கிலத்தோடு தொடரில் வரும் வல்கன் மொழியிலும் கிளிங்கன் மொழியிலும் வரவேற்பு இருக்கிறது. பக்கத்திலேயே விண்கலம் மாதிரிக் கட்டிய சுற்றுலா நிலையம், காட்சியகம் அதற்குள்தான். பொம்மைகள், சீருடைகள், ரசிகர்கள் கொடுத்த சாமான்கள். ஒரு மணித்தியாலத்தில் பார்த்து முடித்துவிடலாம்.

அப்பாவை எங்கே அதிக நேரம் நிற்க விட வேண்டும் என்று சொல்கிறேன். ஸ்பொக்காக நடித்த லெனார்ட் நிமோய் 2010இல் அந்த ஊருக்கு நேரே வந்தார். அதற்கு முந்தின வருடம் புது ஸ்டார் ட்ரெக் படத்தின் முதல் காட்சியைத் தங்கள் ஊரில் வைக்கச் சொல்லி வல்கன்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், ஊரில் தியேட்டரே இல்லை. நிமோய் அதைக் கேள்விப்பட்டுத் தயாரிப்பு நிறுவனத்திடம் பேச, கல்கரியில் அவர்களுக்கென்று தனிக் காட்சி நடந்தது. அவருடைய வெண்கலச் சிலையும் கைப்பதிவும் இப்போது அங்கே இருக்கின்றன. நான் போனபோது ஒரு சின்னப் பிள்ளை அந்தக் கைமேல் தன் கையை வைத்து, நடுவிரலையும் மோதிர விரலையும் பிரிக்க முடியாமல், மற்றக் கையால் பிடித்துப் பிரித்து வைத்துப் பார்த்தது. அந்த இரண்டு விரலையும் பிரித்துக் காட்டும் ஸ்பொக்கின் வணக்கச் சைகையே நிமோய் சிறு வயதில் யூத ஆலயத்தில் குருமார் ஆசீர்வதிக்கும்போது கண்டது. உங்கள் அப்பாவுக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கப்பல், நிலையம் எல்லாம் தரையோடு தரைதான், முழங்காலுக்குப் பயமில்லை. சொந்தக் காரில்தான் போக வேண்டும்.

நாவலப்பிட்டி ஆள்

தம்பி சொல்வது சரி, ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் அங்கே போய் ஏமாந்துதான் வந்தேன், காரணம் நான் தேடிப்போனது வேறு. படப்பிடிப்புத் தளம், கப்டனின் அறை, அந்த நீள நடைபாதைகள் எல்லாம் இருக்கும் என்று எண்ணிப் போனேன். அவை வேண்டுமென்றால் நியூயோர்க் மாநிலத்தில் டைகொண்டெரோகா என்ற சின்ன ஊர் இருக்கிறது, முதல் தொடரின் தளங்களைப் பழைய வரைபடங்களை வைத்து அப்படியே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கல்கரியிலிருந்து அது கண்டத்தின் அடுத்த முனை, ஆகவே உங்களுக்கு உதவாது. வல்கனில் பார்க்க வேண்டியது ஊர்தான். அதை அப்பாவுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் மனம் நோகாது.

பான்ஃப் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து மலையைப் பார்த்த மனிதருக்கு இன்னொரு மலையைக் காட்டுவதா, ஐம்பது வருடமாக மனதில் வைத்திருந்த ஒன்றைக் காட்டுவதா? நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

மஸ்கெலியா பெரியவர்

மகள், அப்பாவிடம் இதையும் கேட்டுப் பாருங்கள். விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் நம் நாட்டுக்குக் குடிவந்து 2008இல் இறக்கும்வரை இங்கேயேதான் இருந்தார். 1979இல் வந்த நாவலொன்றில் பூமியிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி கட்டுகிறார்கள், அது நிற்கிற மலை நம் சிவனொளிபாதமலையைப் பார்த்து எழுதியது. அப்படியொரு தூக்கி பூமத்திய ரேகையில்தான் நிற்க முடியும் என்பதால், தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டார் கதையில். நான் தினமும் காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு பார்க்கிற மலை அது. அடிவாரத்தில் அதைச் சொல்லுகிற ஒரு சின்னக் காட்சியகம் வைத்தால் எத்தனை பிள்ளைகள் வந்து பார்க்கும் என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம்.

சின்ன ஊர்க் காட்சியகம் என்று குறைவாக நினைக்காதீர்கள். கம்பளைப் பக்கம் பழைய லயக் காம்பராக்களையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நான் போனபோது என் அம்மா வாழ்ந்த காம்பரா அளவுதான் அதுவும், வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

டிக்கோயா மகள்

எல்லாருக்கும் மிகவும் நன்றி. நேற்று ராத்திரி அக்காவிடம் பேசிவிட்டேன், நிமோய் கல்கரியில் படம் காட்ட வைத்த கதையைச் சொன்னதும் அவரே "சரி, வல்கன்தான்" என்றார். அப்பாவிடமும் சொன்னேன். யூத ஆலயம் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது, கிளார்க்கின் மலையும் தெரிந்திருந்தது, வல்கனில் தியேட்டர் இல்லை என்பதுதான் புதிது.

இப்போது ஒன்று கேட்கிறார். அந்த நிலையத்தில் இருப்பவர்களுக்குக் கொடுக்க நம் தோட்டத்துத் தேயிலை ஒரு கிலோ கொண்டுபோக வேண்டுமாம். பண்டாரவளைத் தம்பி, நீங்கள் போகும்போது தேயிலை கொண்டுபோனீர்களா? பைக்கற்றைக் கடையில் ஒட்டியபடியே கொண்டுபோவதா, நாங்கள் கட்டியதும் பரவாயில்லையா?