பிக்காசோவின் கெர்ட்ரூட் ஸ்டைன் படம்: முகம் மட்டும் ஏன் ஒட்டவில்லை?

பென்னாகரத்தான்:
வகுப்பில் ஓவியர் பிக்காசோ வரைந்த, அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனின் படத்தைக் காட்டினார்கள். கனத்த உடம்பு, பழுப்பு கோட்டு, தொடையில் ஊன்றிய கை எல்லாம் இயல்பாக இருக்க, முகம் மட்டும் முகமூடி மாட்டியது போல் இருக்கிறதே, பாதியில் விட்டுவிட்டாரா?

மலையடி:
இல்லை தம்பி. அந்த அம்மா எத்தனையோ தடவை எதிரில் வந்து உட்கார்ந்தும் முகம் பிடிபடாமல், தலையை அழித்துவிட்டு 1906 கோடையில் ஸ்பெயினின் கோசோல் கிராமத்துக்குப் போய்விட்டார், திரும்பி வந்து ஆளே எதிரில் இல்லாமல் வரைந்த முகம் இது. ஸ்பெயின் பகுதியின் பழங்கால ஐபீரியக் கற்சிலைகளைப் பார்த்த பாதிப்பு. கண்ணை உற்றுப் பார், இரண்டும் ஒரே அளவில் இல்லை.

கே.ஆர்.பி. அணை:
தர்மபுரி மியூசியத்தில் நடுகல் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை, வீரனின் முகத்தில் யாராவது ஜாடை தேடுவார்களா? பிக்காசோ பெரும்பாலும் நீல நிறத்திலேயே வரைந்த நீலக் காலம், அப்புறம் ரோஜா நிற சர்க்கஸ் ஆட்கள், அடுத்து இந்த முகம், 1907-ல் 'அவிஞ்ஞோன் பெண்கள்' ஓவியம். திருப்பம் இங்கேதான். உருவங்களைக் கோண வடிவங்களாக உடைத்து வரையும் அவருடைய பிந்தைய பாணியான கியூபிசத்தை மட்டும் படித்துவிட்டு இதைத் தாண்டிப் போகிறார்கள்.

பென்னாகரத்தான்:
சரிங்கண்ணா, அசல் எங்கே?

மலையடி:
நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம். ஸ்டைன் உயில் எழுதிக் கொடுத்தது.