முதல்ல டேப், அப்புறம் கண்ணாடி

நித்யா: கவிதாக்கா, ட்ரின்னி, சுசானான்னு ரெண்டு பிரிட்டிஷ் ஸ்டைலிஸ்ட்ங்களோட பழைய மேக்கோவர் ஷோ எபிசோடு ஒண்ணு பார்த்துட்டிருக்கேன். மூஞ்சிக்கு நேரா இப்படியா பேசுவாங்க? 😳

கவிதா: 2001ல பிபிசியில ஆரம்பிச்ச ‘வாட் நாட் டு வேர்’ தானே? அது அப்படித்தான். கூட இருக்கிறவங்களே பேரைக் கொடுத்து மாட்டிவிடுவாங்க. ஆளுக்குத் தெரியாம வீடியோ எடுப்பாங்க. அப்புறம் சுத்திலும் கண்ணாடி வச்ச அறைல நிக்க வச்சு ஒவ்வொண்ணா சொல்லுவாங்க. புதுத் துணி வாங்க 2,000 பவுண்டு. 2003ல வந்த அமெரிக்க டிஎல்சி சேனல் பதிப்புல 5,000 டாலர்.

ராஜி சித்தி: சிரிக்க வைக்கட்டும்மா, நல்லதுதான். துணியைப் பார்த்துச் சிரிக்கிறாங்களா, உடம்பைப் பார்த்தான்னு கவனி. “இந்தக் கோட்டு உன் இடுப்பை மறைக்குது”ன்னா கோட்டை மாத்திடலாம். “உனக்கு இடுப்பே இல்ல”ன்னா அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா?

நித்யா: இன்னொரு பிரிட்டிஷ் ஸ்டைலிஸ்ட் கோக் வான், அவரோட ஷோ எப்படி சித்தி?

ராஜி சித்தி: அவர் ரொம்ப செல்லமா பேசுவார். ‘ஹவ் டு லுக் குட் நேக்கட்’, சேனல் 4, 2006. டயட் கிடையாது, ஆபரேஷன் கிடையாது. பெண்களை இடுப்பளவுப்படி வரிசையா நிறுத்தி, “உன் இடம் எது?”ன்னு கேட்பார். பெரும்பாலும் தன்னைவிடப் பெரிய அளவுக்காரங்க பக்கத்துல போய் நிப்பாங்க. அவர் சரியான இடத்துக்குக் கூட்டிட்டு வர்றப்போ அந்த முகத்தைப் பாரு. நூறு தடவை “நீ அழகு”ன்னு சொன்னாலும் அது வராது.

கவிதா: அவரே சின்ன வயசுல 21 ஸ்டோன், கிட்டத்தட்ட 133 கிலோ இருந்தவர். வலி தெரிஞ்சு பேசுறார்.

நித்யா: பிரா அளவு மட்டும் சட்டுனு முடிச்சிடறாங்க. எப்படி எடுக்கணும்?

கவிதா: மார்புக்குக் கீழ டேப்பை இறுக்கிப் பிடி, மூச்சை விட்டுட்டு எடு. 34 இன்ச்னா பட்டை, அதாவது உடம்பைச் சுத்தி வர்ற பகுதி, 34. அடுத்து மார்போட எடுப்பான இடத்துல, டேப் அழுத்தாம. 38 வந்தா வித்தியாசம் 4. இங்கிலாந்து கணக்குல கப் எழுத்து 1 இன்ச்னா ஏ, 2 பி, 3 சி, 4 டி. அப்போ 34டி.

கவிதா: கீழ் அளவோட 4 கூட்டுற பழைய முறை வேண்டாம். அதே ஆளுக்கு வித்தியாசம் 0 ஆகி, ஏவைவிடச் சின்ன 38ஏஏ சொல்லும். பட்டை தொளதொளன்னு, கப் பத்தாம.

ராஜி சித்தி: பட்டை முதுகுல மேல ஏறினா லூஸுன்னு அர்த்தம். பாரத்தைப் பட்டைதான் தாங்கணும். அது தாங்கலைன்னா தோள்பட்டி இழுத்துத் தோள்ல பள்ளம் விழும். எல்லாரும் தோள்பட்டியைத் தளர்த்துவாங்க, தப்பு. பட்டை ஒரு சைஸ் குறைச்சா கப்பை ஒரு எழுத்து ஏத்தணும். 36பி, 34சி, 32டி மூணுக்கும் ஒரே கப்தான்.

கவிதா: புதுசு வாங்கறப்போ கடைசி, லூஸான கொக்கில சரியா இருக்கணும். எலாஸ்டிக் தளர தளர உள்ள மாட்டிக்கலாம்.

நித்யா: நெட்ஃபிளிக்ஸ் ‘குயர் ஐ’ மேக்கோவர் ஷோல டான் ஃபிரான்ஸ் சட்டையை முன்னாடி மட்டும் சொருகுவாரே, நான் பண்ணா வயித்துல மூட்டை மாதிரி நிக்குது?

கவிதா: துணி தடிமனா இருக்கும். மெல்லிசா, விழுற துணி வேணும். பெல்ட் பக்கிளுக்குப் பின்னாடி நாலு விரல் அகலம் மட்டும் சொருகு, அப்புறம் கையைத் தூக்கி இறக்கு. அளவா வெளிய வந்து தானா படியும்.

ராஜி சித்தி: குர்த்தி, சட்டை எதுன்னாலும் தோளைப் பார்த்து வாங்குங்க. தையல் தோள் எலும்பு முடியுற இடத்துல உக்காரணும். இடுப்பைப் பிடிக்கிறது டெய்லருக்கு அரை மணி வேலை. தோளைக் குறைக்கணும்னா கையையே பிரிக்கணும்.

நித்யா: சுத்திக் கண்ணாடிக்கு வீட்டுல எங்க போறது சித்தி?

ராஜி சித்தி: போனை இடுப்பு உயரத்துல வச்சு, எட்டடி தள்ளி நின்னு டைமர் போடு. முன்னாடி, பக்கம், பின்னாடி மூணு படம். கைல பிடிச்ச செல்ஃபியை நம்பாதே. கிட்ட இருக்கிறதெல்லாம் பெருசாத் தெரியும், அதைப் பார்த்துட்டுத்தான் நீங்க குண்டுன்னு புலம்புறீங்க.