பொது வடிவத்திலிருந்து (ax + by + c = 0) சாய்வு எடுத்தால் குறி மாறி வருகிறது, எங்கே தப்பு?

தேனிக்காரர்:
மகள் பத்தாம் வகுப்பு. 3x − 5y − 30 = 0 என்ற கோட்டின் சாய்வும் வெட்டுத்துண்டுகளும் (கோடு அச்சுகளை வெட்டும் இடங்கள்) கேட்டிருக்கிறார்கள். சாய்வு −3/5, x வெட்டுத்துண்டு 10, y வெட்டுத்துண்டு 6 என்று எழுதியிருக்கிறாள். ஆனால் வரைபடத்தாளில் அவளே போட்ட கோடு இடமிருந்து வலமாக ஏறுகிறது, y அச்சை ஆதிப்புள்ளிக்குக் கீழேதான் வெட்டுகிறது. சூத்திரம் தப்பா, படம் தப்பா?

கணக்குப்பிள்ளை:
படம் சரி சார். x கெழுவை (x-க்கு முன்னால் நிற்கும் எண்) y கெழுவால் வகுத்து முன்னால் கழித்தல் குறி போட வேண்டும், அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் இங்கே y கெழு 5 இல்லை, −5. அதனால் −3/(−5), அதாவது 3/5. வெட்டுத்துண்டிலும் இதே கதைதான்: 30-ஐ வலப்பக்கம் கொண்டுபோய் 30-ஆல் வகுத்தால் x/10 − y/6 = 1 வரும், அதோடு நிறுத்தக்கூடாது, வெட்டுத்துண்டு வடிவத்தில் (x/a + y/b = 1) நடுவே கூட்டல் குறிதான் இருக்க வேண்டும் என்பதால் x/10 + y/(−6) = 1 என்று மாற்றி எழுதினால் −6 தானாகத் தெரியும்.

என்னைக் கேட்டால் சூத்திரமே வேண்டாம். y-ஐத் தனியாக்கச் சொல்லுங்கள். 5y = 3x − 30, அப்புறம் y = (3/5)x − 6. சாய்வும் y வெட்டுத்துண்டும் ஒரே வரியில் கிடைத்துவிட்டது.

சாக்பீஸ்:
ஒரு மதிப்பெண் கேள்விக்கு உட்கார்ந்து y-ஐத் தனியாக்கிக்கொண்டிருக்க முடியுமா? சூத்திரம் இருக்கட்டும், கெழுவைக் குறியோடு அடைப்புக்குள் எழுதினால் போதும். இன்னொன்று, எல்லாக் கோட்டையும் எல்லா வடிவத்துக்கும் கொண்டுபோக முடியாது. x = 4 செங்குத்துக் கோடு, அதற்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை, y-ஐத் தனியாக்க அங்கே y-யே இல்லை. 2x − 7y = 0 ஆதிப்புள்ளி வழியே போவதால் வெட்டுத்துண்டு வடிவம் கிடையாது, வலப்பக்கம் 1 வர வைக்க வழியே இல்லை. பொது வடிவம் மட்டும்தான் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

தேனிக்காரர்:
புரிந்தது, நன்றி. அடுத்த கணக்கில் சாய்வு 3/5, புள்ளி (5, −3). அவளுக்கு 6x − 10y − 60 = 0 வந்திருக்கிறது. சரியா?

கணக்குப்பிள்ளை:
சரிதான், 2-ஆல் வகுத்துப் பாருங்கள், முதலில் கேட்ட அதே கோடு. y + 3 = (3/5)(x − 5) என்று எழுதி 5-ஆல் பெருக்கினால் 5y + 15 = 3x − 15, நேராகவே 3x − 5y − 30 = 0 வந்துவிடும். y + 3-இல் உள்ள 3-ஐயும் 5-ஆல் பெருக்குகிறாளா என்று மட்டும் பாருங்கள், பாதிப் பேர் அதைத்தான் விடுவார்கள்.