'பிளாக்' என்பதற்குத் தமிழ்ச்சொல்: மாதிரித் தொடர்வண்டித் தடத்தின் மின்பிரிப்பு

மொழிபெயர்ப்பாளர்

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

மாதிரித் தொடர்வண்டி அமைப்போர்க்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். மின்னிணைப்பு பற்றிய இயல் வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் நின்றுவிட்டேன்.

இத்தகைய தடத்தில் தண்டவாளங்களே மின்கம்பிகள். கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து வரும் 12 வோல்ட் வரையிலான நேர்த்திசை மின்னோட்டத்தைச் சக்கரங்களின் வழியே எடுத்துக்கொண்டு எந்திரம் ஓடுகிறது. ஆகவே ஒரே தடத்தில் இரண்டு எந்திரங்களை வைத்தால் இரண்டும் ஒருசேர ஓடும், ஒருசேர நிற்கும். ஒன்றை நிறுத்தி வைத்து மற்றொன்றை ஓட்ட வேண்டுமானால், தண்டவாளத்தை ஆங்காங்கே அறுத்து இடைவெளி விட்டோ பிளாஸ்டிக் இணைப்புத் துண்டைச் செருகியோ தடத்தை மின்வகையில் பிரித்து, பிரிந்த ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பியும் தனிச் சுவிட்சும் கொடுக்க வேண்டும். அப்படிப் பிரிந்த ஒவ்வொன்றையும் அமெரிக்கர் 'பிளாக்' என்கின்றனர்; ஆங்கிலேயர் பெரும்பாலும் 'செக்சன்' என்கின்றனர். என் வரைவில் 'தொகுதி' என்று எழுதியிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. கருத்துரைக்க வேண்டுகிறேன்.

தமிழாசிரியர்

ஐயா, உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் உண்டு. தொகுத்தல் என்பது சேர்த்தல். இங்கே நடப்பதோ பகுத்தல். வினைக்கு நேர்மாறான பெயரை வைத்தால் படிப்பவர் தடுமாறுவார்.

'பாத்தி' என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். 'பகு' என்னும் வேரின் ககரம் மறைந்து முதலெழுத்து நீண்டு 'பா' ஆகும். பகுத்து உண்பதைப் 'பாத்தூண்' என்கிறது குறள் (227). பகுக்கப்பட்ட நிலமே பாத்தி; 'வளர்வதன் பாத்தியுள் நீர்சொரிந் தற்று' (718) என்பதையும் நீங்கள் அறிவீர்கள். தனக்குரிய மடையைத் திறந்தால் மட்டுமே பாத்திக்குள் நீர் பாய்கிறது. வரப்பு அதனை அடுத்த பாத்திக்குப் போகாமல் நிறுத்துகிறது. அறுத்த இடைவெளியை வரப்பு என்றும், சுவிட்சை மடை என்றும், கம்பியை வாய்க்கால் என்றும் கொண்டால் இயல் முழுவதற்கும் ஒரே குடும்பத்துச் சொற்கள் கிடைத்துவிடுகின்றன. ஆகவே 'மின்பாத்தி'.

இவ்வேரின் வளத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. பங்கு, பால், பக்கம், பகை ஆகிய அனைத்தும் பகுப்பிலிருந்து பிறந்தவையே என்பது என் துணிபு. நுகத்தடியின் நடுவிலுள்ள ஆணியைப் 'பகல்' என்கிறது பட்டினப்பாலை: 'நெடுநுகத்துப் பகல்போல நடுவுநின்ற நன்னெஞ்சினோர்'. நுகத்தை இரண்டாகப் பகுப்பதால் அது பகல். நாளைப் பகுப்பதால் இதுவும் பகல். 'பாகம்' என்பதை வடசொல் என்று ஒதுக்குவோர் இவ்வேரை ஒருமுறை நினைந்து பார்க்க வேண்டும்.

மின்பொறியாளர்

ஐயாவின் மடல் மகிழ்வு தந்தது. எனினும் பகல் வரை சென்றுவிட்ட உரையாடலை மீண்டும் தடத்துக்குக் கொண்டுவர விழைகிறேன். எனக்கு இரண்டு தடைகள் உள்ளன.

பாத்தி நான்கு புறமும் வரப்புடையது. மாதிரித் தடங்களில் பலர் கையாளும் எளிய முறையில் இரண்டு தண்டவாளங்களுள் ஒன்றை மட்டுமே அறுக்கிறோம். மற்றொன்று தடம் முழுவதும் அறுபடாமல் ஓடி எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான மீள்வழியாக அமைகிறது. இம்முறையில் ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் முற்றிலும் தனியான மின்மூலம் இருந்தாக வேண்டும்; இல்லையேல் குறுக்குச்சுற்று ஏற்படும். முழுமையாகத் தனித்திருப்பது என்னும் எண்ணத்தைத் தரும் சொல்லைக் கொடுத்தால், படிப்பவர் இந்த எச்சரிக்கையைத் தவறவிடக்கூடும் என்று அஞ்சுகிறேன்.

இரண்டாவது தடை இன்னும் முதன்மையானது. 'பிளாக்' என்னும் சொல் பெரிய இருப்புப்பாதையின் சைகைமுறையிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள், ஒரு நேரத்தில் ஒரே வண்டி மட்டும் இருக்கத்தக்க நீளம் என்பதாகும். உள்ளே ஒரு வண்டி இருக்கும்வரை அடுத்ததற்கு வழி மறிக்கப்படுகிறது. 1872இல் வில்லியம் ராபின்சன் அமைத்த தடச்சுற்று, தண்டவாளத்தில் சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி, சக்கரங்களும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைப்பதைக் கொண்டு வண்டியின் இருப்பை உணர்ந்தது. அங்கே மின்சாரம் வண்டியைக் காண்பதற்கு. நம் மாதிரித் தடத்திலோ வண்டியை ஓட்டுவதற்கு. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்த ஆங்கிலத்தின் குழப்பத்தை நாமும் சுமக்க வேண்டியதில்லை. சைகைப் பிரிவுக்கு 'மறிப்பு' என்றும், ஓட்டும் மின்பிரிவுக்கு 'மின்கண்டம்' என்றும் முன்மொழிகிறேன்.

தனித்தமிழ் அன்பர்

மறிப்பு நன்று. கண்டத்தை ஏற்க இயலாது, அது வடசொல். பொருளும் பொருந்தவில்லை. 'எந்திரம் ஐந்தாம் கண்டத்தில் நின்றது' என்று படிப்பவர் நிலவுருண்டையைத் தேடுவார். 'கண்டம் கடந்தது' என்றால் உயிர் தப்பியதாக எண்ணுவார். 'கூறு' இருக்கிறது, கூறுபோடுதல் எல்லார் வாயிலும் வழங்கும் வினை. 'மின்கூறு' என்போம். சுவிட்சுக்கும் 'ஆளி' என்று இலங்கைப் பாடநூல்களில் நெடுங்காலமாக இருக்கிறது. மின்னை ஆள்வது ஆளி.

மின்பொறியாளர்

'வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே' என்று தொல்காப்பியரே வழி திறந்திருக்கிறார். கண்டத்தில் வடவெழுத்து ஒன்றும் இல்லை. 'மின்கூறு' என்பதை மின்சுற்றின் உறுப்புகளான தடை, மின்தேக்கி முதலியவற்றுக்குச் சிலர் ஏற்கெனவே வழங்குகின்றனர். இந்த இயலிலேயே அவையும் வருகின்றன.

பள்ளி ஆசிரியை

ஐயாமாரே, வணக்கம். எங்கள் பள்ளியில் அறிவியல் மன்றத்துப் பிள்ளைகளோடு இப்படியொரு தடத்தை அமைத்து வருகிறேன். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்: 'மூணாவது பிளாக்குல கரண்ட் வரல டீச்சர்.' பிளாக் என்பது வல்லின மெய்யில் முடிகிறது, தமிழ்ச்சொல் அப்படி முடியாது என்பதை நானும் வகுப்பில் கற்பிக்கிறேன். ஆனால் வேற்றுமை உருபு ஏறும்போது ஒற்று இரட்டித்து அவர்கள் நாவில் அது தானாகவே தமிழாகிவிடுகிறது.

சொல் எதுவானாலும், கையில் வேலை செய்யும் பிள்ளைக்கு அது உதவ வேண்டும். தண்டவாளத்தை நுண்ணரத்தால் அறுத்த பிறகு அந்த இடைவெளியை வெறுமனே விட்டால், வெப்பத்தில் உலோகம் நீண்டு முனைகள் மீண்டும் தொட்டுக்கொள்கின்றன. எனவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டை ஒட்டி, தண்டவாளத்தின் வடிவத்துக்கு அராவிவிடச் செய்கிறேன். சுவிட்சுக்கு மூன்று நிலைகள்: ஒருபுறம் முதல் பெட்டி, மறுபுறம் இரண்டாம் பெட்டி, நடுவில் எதுவும் இல்லை. நடுவில் வைத்தால் எந்திரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு மாணவிக்கு 'மின்கண்டம்' என்பதை விளக்க நின்றால் கற்றுக்கொடுக்க வந்தது போய்விடும். 'தடப்பகுதி' என்றால் விளக்கமே வேண்டியதில்லை.

தமிழாசிரியர்

அம்மையீர், தடப்பகுதி எளிமையானதுதான்; ஆனால் அதில் மின் எங்கே? பாலத்தின் மேல் செல்வதும் தடப்பகுதி, குகைக்குள் செல்வதும் தடப்பகுதி.

பொறியாளரின் முதல் தடைக்கும் விடை கூறுகிறேன். பாத்திகளுக்கு மடை தனித்தனியாக இருந்தாலும் வடிகால் பொதுவாக இருக்கலாம். அறுபடாத தண்டவாளம் அந்த வடிகாலே. ஒப்புமை முறியவில்லை, இன்னும் இறுகுகிறது.

என் சொல்லில் உள்ள புணர்ச்சியையும் நானே ஆராய்ந்தேன். 'மின்னும் பின்னும் பன்னும் கன்னும் அந்நாற் சொல்லும் தொழிற்பெயர் இயல' என்பது தொல்காப்பியம். அதன்படி மின் என்பது உகரம் பெற்று 'மின்னுப்பாத்தி' என்றே வர வேண்டும். மின்கலம், மின்கம்பி என்று எழுதிப் பழகிவிட்டோம் என்பது உண்மை. பழக்கம் இலக்கணத்தை வென்றதா, அல்லது இவ்விடத்து மின் வேறு சொல்லாகவே ஆகிவிட்டதா என்பதைத் தனி மடலில் எழுத விரும்புகிறேன்.

தனித்தமிழ் அன்பர்

மின்னுப்பாத்தி என்றால் நானும் உடன்படுவேன். மின்கண்டத்துக்கு மட்டும் உடன்பட மாட்டேன்.

மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டது. தனி மடலில் எழுதியோரையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோர் 'தடப்பகுதி' போதும் என்கின்றனர். அவர்களுள் சிலர் இது சிறந்த சொல் என்பதற்காக அன்றி, விவாதம் முடிய வேண்டும் என்பதற்காகவே ஒப்புவதாகவும் தெரிவித்துள்ளனர். அதையே எடுத்துக்கொள்கிறேன். முதன்முறை வரும் இடத்தில் 'மின்வகையில் பிரித்த தடப்பகுதி' என்று விரித்து, பின்னர் சுருக்குவேன். சைகைப் பிரிவுக்கு 'மறிப்பு' என்பதை யாரும் மறுக்கவில்லை. கலைச்சொற் பட்டியலில் பாத்தியையும் மாற்றுச் சொல்லாகக் குறிப்பேன்.

தமிழாசிரியர்

உங்கள் கெடுவை மதிக்கிறேன். ஆயினும் என் மறுப்பு பதிவாகட்டும். மாற்றுச் சொல்லாகப் பட்டியலில் ஒதுங்கும் சொல்லை யாரும் எடுத்தாளுவதில்லை. ஒரு பதிப்பிலேனும் அதனை நூலுக்குள் ஓடவிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

மின்பொறியாளர்

என் மறுப்பு வேறு வகையானது. திருப்பு வளையத்தை எண்ணிப் பாருங்கள். தடம் வளைந்து தன்மீதே வந்து சேரும்போது இடத் தண்டவாளம் வலத் தண்டவாளத்தைத் தொட்டுக் குறுக்குச்சுற்று ஆகிறது. எனவே அங்கே இரண்டு தண்டவாளங்களையும் இரு முனைகளிலும் அறுத்தே ஆக வேண்டும். ஒரு தண்டவாளம் அறுபட்டதும் தடப்பகுதி, இரண்டும் அறுபட்டதும் தடப்பகுதி என்றால், வரைபடத்தைப் பார்த்துக் கம்பி இணைப்பவர் எதை அறுப்பார்?

அடுத்த இயல் எண்ணிமக் கட்டளைமுறை பற்றியது என்று எழுதியிருந்தீர்கள். 1990களில் அமெரிக்காவின் தேசிய மாதிரி இருப்புப்பாதைச் சங்கம் தரப்படுத்திய அம்முறையில் தடம் முழுவதும் எப்போதும் மின் இருக்கும். ஒவ்வொரு எந்திரமும் தன் முகவரிக்கு வரும் கட்டளையை மட்டும் ஏற்கும். ஓட்டுவதற்காகப் பிரிக்க வேண்டிய தேவை அங்கே இல்லை. ஆனாலும் பிரிக்கிறோம்: ஓரிடத்துக் குறுக்குச்சுற்று மற்ற இடங்களை நிறுத்தாதபடி தனித்தனிக் காப்புடைய மின்வட்டாரங்களாக ஒருமுறையும், எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று உணர்வதற்காக அவற்றுக்குள்ளேயே இன்னொரு முறையும். பின்னதையும் ஆங்கிலத்தில் பிளாக் என்றே சொல்வார்கள். அதை மறிப்பு என்பீர்களா, தடப்பகுதி என்பீர்களா? அந்த இயலைத் தொடங்குமுன் இதை முடிவு செய்ய வேண்டும்.