கர்ப்பத்தில் வந்த அழுகை: எங்கள் அனுபவங்கள்

நெல்லைப் பெண்

முதல் மூன்று மாதமும் வாந்தியிலேயே போனது. மசக்கை தெளிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். மசக்கை தெளிந்தது, சாப்பாடும் இறங்கியது. மனம் மட்டும் தெளியவில்லை. ஸ்கேன் அறையில் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டுவிட்டு வந்த அன்று, என் கணவர் வழி முழுக்க ஒவ்வொருவராகப் போனில் அழைத்துச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு உள்ளே ஒன்றுமே எழவில்லை. அழுகையைவிட அந்த வெறுமைதான் என்னைப் பயமுறுத்தியது.

அதை யாரிடம் சொல்வது? அத்தை தங்கமான மனுஷி. நான் கேட்காமலேயே மாங்காய் வந்துவிடும், வெந்நீர் வந்துவிடும். ஆனால் முகம் வாடியிருப்பதைப் பார்த்தால், "மாசமாக இருக்கிற பிள்ளை கண் கலங்கக்கூடாது, சந்தோஷமாக இரு, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது" என்பார்கள். அம்மாவும் அதையேதான் சொன்னாள். இருவரும் நல்ல மனதோடு சொன்னது. ஆனாலும் அந்தச் சொல்தான் என் வாயைக் கட்டியது. அழுதால் பிள்ளைக்குக் கெடுதல் என்றான பிறகு, அழுவதைச் சொல்வது பிள்ளைக்குக் கெடுதல் செய்ததை ஒப்புக்கொள்வது போல ஆகிவிடுகிறதே! துணி உலர்த்துகிற சாக்கில் மாடிக்குப் போவேன். கொடியில் கிடக்கும் புடவைகளுக்கு நடுவே நின்று அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு இறங்குவேன்.

தனியார் மருத்துவமனையில் மாதாமாதம் எடை பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள். தூக்கம் வரவில்லை என்றேன். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். நல்ல யோசனைதான். ஆனால் நான் படுக்க முடியாமல் விழித்திருக்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டு எழுந்துவிடுவேன். அதற்குப் பிறகு தூக்கம் கிடையாது. "என்ன நினைப்பில் விழித்திருக்கிறாய்?" என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் போதும், கொட்டியிருப்பேன்.

கேட்டவர் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகைக்காக அங்கே பதிந்திருந்தேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, அத்தையை வெளியே சற்று உட்காரச் சொல்லிவிட்டு ஒரு தாளை எடுத்தார். பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றும் கடந்த ஏழு நாட்களைப் பற்றியது. சிரிக்க முடிந்ததா, வரப்போகிற காரியங்களை ஆவலோடு எதிர்பார்த்தீர்களா, தேவையில்லாமல் உங்களையே குறை சொல்லிக்கொண்டீர்களா என்று போகும். பத்தாவது, உங்களுக்கு நீங்களே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. "எப்போதாவது" என்ற விடையில் என் விரல் நின்றது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பிள்ளை மேல் உனக்குப் பாசம் இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை அம்மா. இதற்கு வைத்தியம் இருக்கிறது" என்றார்.

அன்றே கணவரை வரவழைத்து, தனியாக விடக்கூடாது என்று சொல்லி, மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் மனதை வாட்டும் என்பதால் முதலில் அவற்றைப் பார்த்தார்கள். தைராய்டு சரியாக இருந்தது, ரத்தம் குறைவாக இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையோடு வாராவாரம் ஆலோசனையும் தொடங்கியது. ஆலோசகரே அத்தையைக் கூப்பிட்டுப் பேசினார். அதற்குப் பிறகு அத்தை "சந்தோஷமாக இரு" என்பதை நிறுத்திவிட்டார்கள். "இன்றைக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்பார்கள். மோசம் என்று சொன்னாலும் பதறுவதில்லை.

ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. வளைகாப்பு அன்றும் பாதி மனதோடுதான் மணையில் உட்கார்ந்தேன். ஒன்பதாம் மாதத்தில் தொட்டில் சேலையை நானாகவே தேடி எடுத்துத் துவைத்தபோதுதான், எதையோ எதிர்பார்க்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

தஞ்சைப் பக்கத்துச் செவிலியர்

நான் கிராம சுகாதாரச் செவிலியர். நெல்லைத் தங்கை சொன்ன அந்தப் பத்துக் கேள்வித் தாள் 1987இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உருவானது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டுபிடிக்க வந்தது, கர்ப்பத்திலும் பயன்படுத்துகிறார்கள். இதுதான் நோய் என்று அது முடிவு கட்டாது, யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று காட்டும். வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 15.6 சதவீதம் பேருக்கும், பிரசவித்தவர்களில் 19.8 சதவீதம் பேருக்கும் மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

நான் பார்த்த வரையில் எங்கள் பெண்கள் "மனசு சரியில்லை" என்று வருவதில்லை. தலைபாரம், நெஞ்சு படபடப்பு, கைகால் அசதி என்றுதான் வருகிறார்கள். முன்பு கரு கலைந்தவர்கள், கணவர் வெளிநாட்டில் இருப்பவர்கள், வீட்டில் அடி வாங்குகிறவர்கள், இந்த முறையாவது பையன் பிறக்க வேண்டும் என்று காதுபடக் கேட்டுக்கொண்டே இருப்பவர்கள், இவர்களிடம் நான் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசுவேன். கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்க வேண்டும். மாமியார் பக்கத்தில் இருந்தால் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான்: "நல்லா இருக்கிறேன் அக்கா."

கோவையிலிருந்து

எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே இருமுனை மனநோய் உண்டு. சில காலம் மனம் அளவுமீறித் துள்ளும், சில காலம் கடுமையாகச் சோர்ந்துவிடும். கணவருக்குத் தெரிந்துதான் மணந்தார். பிள்ளை வேண்டும் என்று நினைத்ததும் இருவரும் முதலில் போனது மனநல மருத்துவரிடம். அப்போது நான் இந்த நோய்க்காக வால்புரோயேட் என்ற மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கருவின் தண்டுவடத்தையும் மூளை வளர்ச்சியையும் அது பாதிக்கக்கூடும் என்பதால், கருத்தரிப்பதற்கு முன்பே படிப்படியாக வேறு மருந்துக்கு மாற்றினார். ஃபோலிக் அமிலமும் அப்போதே தொடங்கியது.

நாள் தள்ளிப்போனதும் உறவினர்கள் எல்லா மாத்திரையையும் தூக்கிப் போடச் சொன்னார்கள். இதில் நான் ஒருவருக்கும் இணங்கவில்லை, நீங்களும் இணங்காதீர்கள். எல்லா மருந்தும் வால்புரோயேட் அல்ல. மனச்சோர்வுக்கான மருந்துகளில் கர்ப்பத்திலும் தொடரக்கூடியவை இருக்கின்றன. திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பிவிடக்கூடும். அது தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்தே ஆபத்து. எதைத் தொடர்வது, எதை மாற்றுவது என்பதை மனநல மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து சொல்லட்டும்.

என் போன்றவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்கள்தான் கண்டம். தூக்கம் கெட்டால் நோய் தலைதூக்கும். அதனால் ராத்திரியில் பிள்ளையை யார் வைத்துக்கொள்வது, எந்த அறிகுறி தெரிந்தால் யாரை அழைப்பது என்றெல்லாம் எட்டாம் மாதமே எழுதி அம்மாவிடமும் கணவரிடமும் கொடுத்துவிட்டேன். மருத்துவமனையில் சேர்த்தால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்று சிலர் பயப்படுகிறீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையைச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. ஆபத்து இருந்தால்தான் தற்காலிகமாகப் பிரிக்கலாம். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனையில் தாயையும் சேயையும் சேர்த்தே அனுமதிக்கும் தனிப் பிரிவும் இருக்கிறது.

ராத்திரியில் யாருடனாவது பேச வேண்டியிருந்தால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பிவிடுங்கள்.