நாலு மாதம் தென்கிழக்கு ஆசியா, முதுகில் ஒரே பை: கிளம்புவதற்கு முன் என்னென்ன செய்யணும்?

திருச்சி_தடம்

வணக்கம். நவம்பர் நடுவில் சென்னையிலிருந்து பாங்காக் போய், அங்கிருந்து தரைவழியாகவே வட தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா என்று சுற்றிவிட்டு மார்ச் நடுவில் திரும்புவதாகத் திட்டம். வெளிநாடு போவது இதுதான் முதல் தடவை, தனியாகப் போகிறேன். சைவம், முட்டை மட்டும் உண்டு. 65 லிட்டர் பை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கிவிடலாமா? எல்லா விசாவையும் இங்கேயே எடுத்துவிடுவது நல்லதா? பணத்தை எப்படிக் கொண்டுபோவது? பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலி, என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. இதனால் சிக்கல் வருமா? வியட்நாமில் ஹா ஜாங் மலைப்பாதையில் பைக் ஓட்டணும் என்பது நெடுநாள் ஆசை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எல்லைக்கல்

பையை அப்புறம் பார்க்கலாம் தம்பி, முதலில் காகிதங்கள். நீண்ட பயணத்தில் ஆளை நிறுத்திவைப்பது பெரும்பாலும் அவைதான்.

பாஸ்போர்ட் பயணம் முடியும் நாளிலிருந்து இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். லாவோஸ், கம்போடியா இரண்டிலும் விசா ஒட்டினால் ஒரு முழுப்பக்கம் போய்விடும், அதனால் ஆறேழு வெற்றுப் பக்கம் இருக்கட்டும். பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் 'இசிஆர்' (குடிபெயர்வுச் சோதனை தேவை) முத்திரை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அந்த முத்திரை உள்ளவர் வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் தாய்லாந்தும் மலேசியாவும் உள்ளன. பத்தாம் வகுப்பு தேறியவர் சான்றிதழைக் காட்டி, அந்த முத்திரை இல்லாத பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதை இப்போதே செய்ய வேண்டும், நவம்பரில் அல்ல.

விசாவை எல்லாம் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். கம்போடிய இ-விசா கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் நாட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும். நவம்பரில் எடுத்துவைத்தால் மார்ச்சில் அது வெறும் தாள். இப்படிச் செய்யுங்கள்:

தாய்லாந்து: 2024 ஜூலையில் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 60 நாள் என்று அனுமதித்தார்கள். அதைக் குறைக்கும் பேச்சு அவ்வப்போது எழுவதால் டிக்கெட் போடும் அன்று தூதரகப் பக்கத்தைப் பாருங்கள். 2025 மே முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் என்றால் அரசுத் தளம் அல்ல. அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கினால் நாளுக்கு 500 பாத் அபராதம்.

சென்னை விமான நிலையத்தில்தான் முதல் தடை. தாய்லாந்தை விட்டு எப்போது வெளியேறுவீர்கள் என்று செக்-இன் கவுன்டரிலேயே கேட்பார்கள். உங்களுடைய மார்ச் திரும்பு டிக்கெட் அதற்குப் பதிலாகாது, ஏனென்றால் அது 60 நாளைத் தாண்டியது. அந்த 60 நாளுக்குள் தாய்லாந்திலிருந்து வெளியே போகும் டிக்கெட் ஒன்று கையில் வேண்டும். ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் மூன்று இரவுக்கான தங்குமிடப் பதிவும் வங்கிக் கணக்குத் தாளும் அச்செடுத்து வைத்திருங்கள். போனில் இருக்கிறது என்று தேடிக்கொண்டு நின்றால் வரிசையிலிருந்து தள்ளி நிற்கச் சொல்வார்கள்.

லாவோஸ்: வட தாய்லாந்தின் சியாங் கோங்கிலிருந்து பாலம் தாண்டினால் ஹுவாய் சாய் எல்லை. அங்கேயே 30 நாள் விசா கிடைக்கும். டாலரும் புகைப்படமும் தயாராக வேண்டும்.

வியட்நாம்: இ-விசா 90 நாள் வரை, ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை என்றால் 50. லாவோஸின் லுவாங் பிரபாங் நகரத்துக்குப் போனபிறகு, நுழைவதற்கு இரண்டு வாரம் முன்பு விண்ணப்பித்தால் போதும். எந்த வாசல் வழியாக நுழைவீர்கள் என்று படிவத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். லாவோஸிலிருந்து தியென் பியென் பக்கம் போகும் பேருந்து தாய் சாங் எல்லையில் நுழையும். படிவத்தில் ஹனோய் விமான நிலையம் என்று போட்டுவிட்டு அங்கே போய் நிற்கக் கூடாது. பேருந்து எந்த வாசலில் போகிறது என்று கேட்டுவிட்டுப் படிவத்தைத் திறங்கள்.

கம்போடியாவுக்கு ஹோ சி மின் நகரத்திலிருந்து பாவெட் எல்லை வழியாகப் போகலாம். திரும்பும்போது தரைவழியாகத் தாய்லாந்துக்கு வருவதை நம்பாதீர்கள். 2025ல் இரு நாட்டுக்கும் மோதல் வந்தபோது அந்த எல்லை வாசல்கள் மூடப்பட்டன. ப்னோம் பென்னிலிருந்து கோலாலம்பூர் வழியாகச் சென்னைக்கு விமானம் என்று திட்டமிட்டால் நிம்மதி.

பெயர் விஷயம் நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வருவது. விமானத் தளம் குடும்பப்பெயர் இல்லாமல் மேலே நகராது. சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், சில 'எல்என்யு' (குடும்பப்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடச் சொல்லும். அந்தந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைப் படித்து அதன்படி செய்யுங்கள். அப்பா பெயரை நீங்களாக ஒரு டிக்கெட்டில் சேர்த்துவிட்டு இன்னொன்றில் விடாதீர்கள். விசா படிவத்துக்கு, பாஸ்போர்ட் புகைப்படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். அதில் எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே.

இன்னொன்று, தேதி. வியட்நாமின் தெத் புத்தாண்டு 2026ல் பிப்ரவரி 17, 2027ல் பிப்ரவரி 6. அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் ரயில், பேருந்து இடம் கிடைக்காது, கடைகள் மூடியிருக்கும். அந்த நாட்களில் ஒரே ஊரில் முன்பதிவு செய்து உட்கார்ந்துவிடுங்கள். வட தாய்லாந்தைப் பயணத்தின் தொடக்கத்திலேயே வைத்திருப்பது மிக நல்லது. பிப்ரவரி கடைசியிலிருந்து அங்கே காடும் வயலும் எரியும் புகை, சியாங் மாயில் மலையே தெரியாது.

சில்லறைக்காசு

பணமும் போனும் ஒன்றோடொன்று பின்னினது, அதனால சேர்த்தே சொல்றேன்.

ரெண்டு வேறு வங்கியோட கார்டு வேணும். ஒண்ணு பர்ஸ்ல, ஒண்ணு பையோட அடியில. சாதாரண டெபிட் கார்டுல வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணம், அதுமேல ஜிஎஸ்டி, மொத்தம் 4.13 சதவீதம். ஒரு லட்சம் செலவழிச்சா நாலாயிரம் சும்மா போகுது. இந்தக் கூடுதல் கட்டணம் (மார்க்அப்) இல்லாத கார்டு ஒண்ணு வாங்கிடுங்க. வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில நீங்களே திறந்து வைக்கணும். ஏடிஎம், கடை, இணையம் மூணுக்கும் தனித்தனி பொத்தான் இருக்கும்.

தாய்லாந்து ஏடிஎம் நம்ம கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாத்தோ அதுக்கு மேலயோ பிடிக்கும். 2,000 பாத் எடுத்தா அது 11 சதவீதம், 20,000 எடுத்தா 1.1. அதனால அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா எடுக்காதீங்க. இயந்திரம் "ரூபாயில் கணக்கிடட்டுமா" என்கிற மாதிரி ஒரு திரை காட்டும். வேண்டாம்னு அழுத்தணும், அதுல வர்ற மாற்று விகிதம் ரொம்ப மோசம்.

டாலர் நோட்டு 400 வரைக்கும் போதும். அங்கீகரிக்கப்பட்ட பணமாற்றுக் கடையில ரசீதோட வாங்குங்க. 100 ரெண்டு, மீதி 20, 10, 5, 1. ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. பேனாக்கோடு, முத்திரை, ஓரத்துல சின்னக் கிழிசல் இருந்தா அங்கேயே மாத்திக் கேளுங்க. கம்போடியாவில கிழிஞ்ச டாலரை டீக்கடைக்காரர்கூட வாங்கமாட்டார். லாவோஸ் கிப் அந்த நாட்டை விட்டா யாருக்கும் வேண்டாம், எல்லைக்கு முன்னாடியே செலவழிச்சுடுங்க. வியட்நாமில 20,000 டாங்கும் 500,000 டாங்கும் ரெண்டுமே நீலம். ராத்திரி டாக்ஸியில மாறிப்போறது அதுதான். 500,000 நோட்டைத் தனிப் பகுதியில வைங்க.

இப்ப ஓடிபி. கார்டு இருந்தும் பணம் கட்ட முடியாம நிற்க வைக்கிறது இதுதான். இந்திய எண்ணுக்கு ரோமிங்கை இங்க இருக்கும்போதே திறந்துடுங்க, அந்த ஊர்ல இறங்கினப்புறம் திறக்கிறது பெரும்பாடு. 90 நாள் பயன்பாடே இல்லாத எண்ணை நிறுவனம் ரத்து செய்யலாம், அதனால பயணம் முழுக்க வேலிடிட்டி வர்ற மாதிரி ரீசார்ஜ் போடுங்க. இந்திய எண்ணை இ-சிம்மா (அட்டை இல்லாம போனுக்குள்ளயே பதியிற சிம்) மாத்தச் சொல்லிப் பலர் யோசனை சொல்வாங்க. நான் வேண்டாம்னு சொல்வேன். போன் உடைஞ்சா சாதாரண சிம்மைக் கழட்டி எந்தப் போன்லயும் போட்டு ஓடிபி வாங்கலாம். இ-சிம்னா மறுபடி வாங்க இந்தியாவில இருந்தாகணும்ங்கிற நிலை வந்துடும். இந்திய எண் சாதாரண சிம்மா இருக்கட்டும், அந்தந்த நாட்டு டேட்டாவை இ-சிம்ல வாங்குங்க. மின்னஞ்சலுக்கும் ஓடிபி அனுப்பும் வசதி உங்க வங்கியில இருந்தா அதையும் திறங்க.

ஏழுகிலோ

65 லிட்டர் வேண்டாம். காலி இடம் இருந்தால் நிரப்பத்தான் தோன்றும், 15 கிலோ ஆகிவிடும். மலிவு விமானங்களில் கைப்பை அளவு 7 கிலோ. 38 அல்லது 40 லிட்டர் எடுத்து மொத்தம் 7 கிலோவில் நிறுத்துங்கள்.

பையை லிட்டரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், முதுகின் நீளம் பார்க்க வேண்டும். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேராக உள்ள இடம் வரை டேப் வைத்து அளக்கணும். இடுப்புப் பட்டை அந்த எலும்பின் மேல் உட்கார வேண்டும். தொப்புளுக்கு மேலே ஏறி நின்றால் பாரம் முழுவதும் தோளுக்குப் போகும். வாங்கியதும் 7 கிலோ அரிசியை உள்ளே கட்டி வைத்து ஒரு மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்குங்கள். எங்கே அழுத்துகிறது என்று அப்போது தெரிந்துவிடும், கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். பெட்டி மாதிரி முழுதாகத் திறக்கும் ஜிப் உள்ளதே நல்லது.

துணி: சீக்கிரம் காயும் டி-சர்ட் நாலு, பேன்ட் இரண்டு, அரைக்கால் சட்டை ஒன்று, உள்ளாடை ஐந்து, குளிருக்கு மெல்லிய ஃப்ளீஸ் மேலாடை, மழைச்சட்டை. ஜீன்ஸ் ஒன்றுகூட வேண்டாம், ஈரமானால் இரண்டு நாள் காயாது. லுங்கி கண்டிப்பாக ஒன்று: போர்வை, குளியலறைத் திரை, கோவிலில் முழங்கால் மறைக்கும் துணி எல்லாமே அதுதான். டர்க்கி டவலுக்குப் பதில் ஈரிழைத் துண்டு. வட லாவோஸ், ஹா ஜாங் இரண்டிலும் ஜனவரி இரவுகளில் 10 டிகிரிக்குக் கீழேயும் போகும். லாவோஸில் மேகாங் ஆற்றுப் படகில் காலைக் காற்று எலும்பைத் தொடும். அதனால் ஃப்ளீஸை விட்டுவிடாதீர்கள்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான், 100 வாட்-மணிக்குள். 20,000 எம்ஏஹெச் என்றால் 74, பிரச்சினை இல்லை. நம் ஊர் மூன்று முள் பிளக் அங்கே பொருந்தாது, மெல்லிய இரண்டு முள் சார்ஜர் பெரும்பாலும் பொருந்தும். ஹாஸ்டல் அலமாரிக்குச் சின்னப் பூட்டு ஒன்று. லாவோஸில் லுவாங் பிரபாங், வியன்டியன் இடையே ஓடும் ரயிலில் சோதனை கடுமை: கத்தி, கத்தரிக்கோல், ஸ்ப்ரே டப்பா எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார்கள். கொசுவுக்கு ஸ்ப்ரே வேண்டாம், க்ரீம் வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சி_தடம்

நன்றி அண்ணா, எல்லோருக்கும். 40 லிட்டரே வாங்குகிறேன். பைக் பற்றி யாரும் சொல்லவில்லையே? கியர் வண்டி உரிமம் இருக்கிறது, ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்தால் போதும்தானே?

எல்லைக்கல்

தாய்லாந்துக்குப் போதும், வியட்நாமுக்குப் போதாது. நம் ஆர்டிஓ தருவது 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்த அனுமதியை மட்டும். வாடகைக் கடைக்காரர் எதையும் கேட்காமல் வண்டியைக் கொடுப்பார். வழியில் போலீஸ் பிடித்தால் அபராதத்தோடு போகும். விழுந்து எலும்பு முறிந்தால்தான் பெரிய இடி: செல்லத்தக்க உரிமம் இல்லாமல் ஓட்டியதாகச் சொல்லிக் காப்பீடு கையை விரித்துவிடும்.

ஹா ஜாங்கைத் தவறவிட வேண்டியதில்லை. உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து போகும் 'ஈஸி ரைடர்' ஏற்பாடு அங்கே எல்லா விடுதியிலும் உண்டு. மூன்று அல்லது நான்கு நாள், யென் மின், தோங் வான், மா பி லெங் கணவாய், மியோ வாக் என்று சுற்றி வரும். நான்கு நாளாக எடுங்கள், மூன்று நாள் என்றால் அவசர ஓட்டமாகிவிடும். கணவாயில் பனிமூட்டமும் லாரியும் சேர்ந்து வரும்போது கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க முடியாது. பின்னால் உட்கார்ந்தால்தான் பள்ளத்தாக்கைப் பார்க்கவே முடியும்.

காப்பீட்டை இந்தியாவை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே வாங்க வேண்டும். ஆண்டு முழுமைக்கான பாலிசிகளில் ஒரு பயணத்துக்கு 30, 45, 60 நாள் என்று உச்சவரம்பு இருக்கும். உங்களுக்கு 120 நாளுக்கான ஒற்றைப் பயணப் பாலிசி. இருசக்கர வண்டி, மலையேற்றம், அவசர விமான மருத்துவப் போக்குவரத்து, இந்த மூன்றையும் பாலிசித் தாளில் தேடிப் படியுங்கள். எங்கே வண்டி எடுத்தாலும் பாஸ்போர்ட்டை அடகாகக் கொடுக்காதீர்கள், பணமாகக் கொடுங்கள். வண்டியின் கீறல்களை எடுக்கும்போதே வீடியோ பிடித்துவிடுங்கள்.

மருந்துச்சீட்டு

தடுப்பூசிக்கு எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, பத்து வருடம் ஆகியிருந்தால் டெட்டனஸ். எல்லாவற்றையும் விட நான் வற்புறுத்துவது ரேபிஸ் முன்தடுப்பு: முதல் நாள் ஒன்று, ஏழு நாள் கழித்து ஒன்று. இதைப் போட்டவருக்கு நாய் கடித்தால் பிறகு இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் (உடனடிப் பாதுகாப்புக்கான எதிர்ப்புப்பொருள் ஊசி) தேவையில்லை. போடாதவருக்கு அது கட்டாயம், லாவோஸின் சிற்றூர்களில் அது கிடைப்பது அரிது. முன்தடுப்பு போட்டிருந்தாலும் கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும்.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். டெங்கு இருக்கக்கூடும் என்பதால் ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் தொடக் கூடாது. ஓஆர்எஸ் பத்துப் பொட்டலம், செட்ரிசின் ஒரு அட்டை, வாந்தி மாத்திரை. சியாங் மாயிலிருந்து பாய் என்ற ஊருக்குப் போகும் சாலையில் 762 வளைவு, பஸ் ஏறுவதற்கு அரை மணி முன்பே போட்டுக்கொள்ளுங்கள். மாத்திரைகளை அட்டையோடும் சீட்டோடும் கொண்டுபோங்கள். டிரமடால் வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து தாய்லாந்தில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை, எடுத்துப்போகாதீர்கள்.

சைவம் தாய்லாந்தில் எளிது: மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்துப் போட்ட 'ஜே' கடைகள், மீன் சாறுகூட இருக்காது. வியட்நாமில் 'சாய்' என்று கேளுங்கள், பௌர்ணமியும் சந்திர மாத முதல் நாளும் எங்கும் கிடைக்கும். லாவோஸில்தான் கஷ்டம், பப்பாளி சாலட்டில்கூட புளித்த மீன் உண்டு. ஆனால் ஒட்டும் சோறு தெருவுக்குத் தெரு கிடைக்கும். பருப்புப்பொடி கால் கிலோவைக் காற்றுப் புகாத உறையில் கொண்டுபோங்கள், லாவோஸ் வரை பிரிக்காமல் வைத்திருங்கள்.