லெப்பர்ட் கெக்கோ சாப்பிடவில்லை, விரலில் தோல் ஒட்டிக்கொண்டது: தொட்டியில் சூடு போதவில்லையா?

ஸ்காபரோ அப்பா:
வணக்கம். நாங்கள் பேஸ்மென்டில் இருக்கிறோம். மகள் வளர்க்கும் லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லிக்கு இரண்டு வயது. வெளியே மைனஸ் 15 ஆனதிலிருந்து, பத்து நாளாகப் புழுவைத் திரும்பியும் பார்க்கவில்லை. போன வாரம் சட்டை உரித்தது. முன்கால் விரல்களில் மட்டும் வெள்ளை நூல் சுற்றினது போலத் தோல் நின்றுவிட்டது.

20 கலன் கண்ணாடித் தொட்டி, ஒரு மூலையில் அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு), நேரே பிளக்கில். கண்ணாடியில் ஒட்டிய முள் மீட்டர் 26 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம் காட்டுகிறது. சூடு மேலே வரட்டும் என்று மண்ணை அள்ளிவிட்டு கிச்சன் பேப்பர் விரித்தேன். காலையும் மாலையும் தொட்டி முழுக்கத் தண்ணீர் தெளிக்கிறேன். இன்னும் பெரிய மேட் வாங்கட்டுமா?

கெக்கோ அக்கா:
முதலில் விரலைப் பாருங்கள் தம்பி. அந்தத் தோல் காயக் காய இறுகும். ரத்த ஓட்டம் நின்றால் விரலே விழுந்துவிடும். சின்ன டப்பாவில் கால் நனையும் அளவுக்கு மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, 10, 15 நிமிடம் நிற்க வையுங்கள். பிறகு நனைத்த பஞ்சுக் குச்சியால் விரலடியிலிருந்து நுனிப் பக்கமாக மெதுவாக உருட்டுங்கள். வராவிட்டால் இழுக்காதீர்கள், மறுநாளும் செய்யலாம். வீக்கமோ கறுப்போ தெரிந்தால் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் உடனே போங்கள்.

மேட் வாங்க அவசரப்படாதீர்கள். சூடான பக்கத்துக் குகைக்குள் படுக்கிறதா, மேலே ஏறிப் படுக்கிறதா?

பல்லிப் பிரியன்:
அண்ணா, உள்ளே வைக்கிற சூட்டுக் கல் விற்கிறார்களே, அது ஒன்று போட்டால்?

கெக்கோ அக்கா:
வேண்டாம். அது ஒரே இடத்தில் கொதிக்கும். வயிறு வெந்தாலும் இவை சட்டென்று எழுந்து போவதில்லை. அப்படிப் புண்ணான ஒன்றை நானே பார்த்திருக்கிறேன்.

ஸ்காபரோ அப்பா:
குகைக்கு மேலேதான் கிடக்கிறது அக்கா. உள்ளே போவதே இல்லை.

கெக்கோ அக்கா:
அப்படியென்றால் குகைத் தரை கொதிக்கிறது என்று நினைக்கிறேன். முள் மீட்டர் அது ஒட்டியிருக்கிற இடத்துச் சூட்டைத்தான் காட்டும். கெக்கோ படுப்பது தரையில். வயர் நுனியில் சென்சர் உள்ள டிஜிட்டல் மீட்டர் வாங்கி, நுனியைக் குகைக்குள் தரையில் வையுங்கள்.

ஈரப்பதத்தையும் அந்த முள்ளை நம்பி முடிவு செய்யாதீர்கள். ஒரு போத்தல் மூடியில் உப்புப் போட்டு, சேறு மாதிரி ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள், கரையக் கூடாது. அதையும் மீட்டரையும் ஒரு ஜிப் பைக்குள் மூடி எட்டு மணி நேரம் விடுங்கள். சரியான மீட்டர் 75 காட்ட வேண்டும்.

ஸ்காபரோ அப்பா:
குகைத் தரை 43 டிகிரி! கையை வைத்துப் பார்த்தேன், வைத்திருக்க முடியவில்லை. மேட்டைப் பிடுங்கிவிட்டேன். குளிர்ப் பக்கம் 19தான். உப்புப் பையில் முள் மீட்டர் 90 காட்டியது. மகள் அழுதுவிட்டாள்.

கெக்கோ அக்கா:
அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். நல்ல வேளை, அதுவே மேலே ஏறித் தப்பியிருக்கிறது. கீழே சுடுகிறது, மேலே குளிர்கிறது. படுக்கவும் இடமில்லை, தின்றதைச் செரிக்கவும் சூடு இல்லை. அதுதான் சாப்பிடவில்லை.

சூட்டை அளந்து தானே நிறுத்திப் போடும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மேட்டைத் திரும்பச் செருகவே கூடாது. அதன் சென்சரை மேட்டுக்கு மேலே தரையில் ஒட்டி, குகைத் தரை 32இல் நிற்கும்படி வையுங்கள். காற்றைச் சூடாக்க மேட்டால் முடியாது. அதற்குத் தொட்டிக்கு வெளியே, வலை மூடிக்கு மேல் ஒரு செராமிக் ஹீட்டர், அதற்குத் தனி தெர்மோஸ்டாட். குளிர்ப் பக்கம் பகலில் 24, 25 வந்தால் போதும். இரவில் 20 வரை இறங்கலாம்.

தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். இவை ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பாறை நிலத்துப் பிராணிகள். தொட்டிக்கு 30, 40 சதவீதம் போதும். குளிர்ந்த பக்கம் எந்நேரமும் நனைந்திருந்தால் நெஞ்சில் சளி பிடிக்கும். ஆனால் அந்த வறண்ட நிலத்திலும் இவை பகலில் பாறைக்கு அடியில், ஈரம் தங்கும் பொந்தில்தான் கிடக்கும். அந்தப் பொந்தை நாம் செய்து கொடுக்க வேண்டும்: மூடியுள்ள மார்ஜரின் டப்பாவில் ஒரு வாசல் வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுக்குங்கள். ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஸ்பாக்னம் பாசியை நனைத்து, சொட்டாமல் பிழிந்து உள்ளே நிரப்பி, நடுப்பகுதியில், சூடு கொஞ்சம் தொடும் இடத்தில் வையுங்கள். பூஞ்சை வருமுன் பாசியை மாற்றுங்கள்.

ஸ்காபரோ அப்பா (மூன்று வாரம் கழித்து):
குகைத் தரை 32, குளிர்ப் பக்கம் 24. புது மீட்டரில் ஈரப்பதம் 31. ஐந்தாம் நாளே இரண்டு புழு தின்றது. விரல் தோல் நாலு நாளில் வந்துவிட்டது, ஒரு நுனி மட்டும் கறுத்திருந்ததால் மருத்துவரிடம் காட்டி மருந்து போடுகிறோம். நேற்றிரவு உடம்பு முழுக்க வெளுத்து டப்பாவுக்குள் போனது. காலையில் பளபளவென்று வாசலில் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. உரித்த சட்டை மட்டும் எங்கேயும் காணவில்லை?

கெக்கோ அக்கா:
அதைத் தின்றுவிடும் தம்பி, அது வழக்கம்தான். விரல்களை மட்டும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

ஸ்காபரோ அப்பா:
மகள் எண்ணிவிட்டாள். எல்லாம் சுத்தம்.